சிறைக்குள் ஓர் ஆராய்ச்சி மணி

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை நாம் அனைவரும் அறிவோம். கன்றை இழந்த பசு ஒன்று வந்து அம்மணியை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். தேரோட்டியவன் தன் மகனே என்று அறிந்தும் முறை வழுவாது தீர்ப்பளித்தான். இக்கதையைக் கேட்குந்தோறும் நம் உள்ளம் அரசனது நீதியிலேயே தங்கிவிடுகிறது. மணி எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தெருவில் செல்வோர் எவரும் எட்டிப் பிடிக்கக்கூடிய இடத்தில் அது தொங்கிற்று. பசுவுக்குக் கால் இருந்தது, வழியும் திறந்திருந்தது. ஆதலின் அது நடந்து வந்து மணியை அடித்தது.

அவ்வாறு நடந்து வர இயலாத மக்களும் இவ்வுலகில் உளர். அவர்கள் சிறைச்சாலைகளிலும் காவல் நிலையங்களிலும் அடைபட்டிருப்போர். சிறைக்குள் ஒருவன் துன்புறுத்தப்பட்டால் அவன் யாரிடம் முறையிடுவான்? அவனைச் சுற்றி இருப்போர் சிறை அலுவலர்களே. அவன் எழுதும் கடிதம் அவர்கள் கை வழியாகவே வெளியே செல்ல வேண்டும். அவன் உடற்காயத்தை முதலில் பார்ப்பவர் அச்சிறையின் மருத்துவர். அன்று நடந்ததைப் பதிவேட்டில் எழுதுவோரும் அவர்களே. அடித்தவர் ஒருவரேயாயினும், அவரோடு நாள்தோறும் தோளோடு தோள் நின்று பணியாற்றுவோரிடமே அடிபட்டவன் நீதி கேட்க வேண்டியிருக்கிறது. இக்காரணத்தால்தான், சிறைவாசியின் முறையீட்டைச் சிறைக்குப் புறம்பான ஒருவரே விசாரித்தல் வேண்டும் என்ற கருத்து எழுந்தது.

குற்றம் புரிந்தவனுக்கு இத்துணைப் பரிவு எதற்கு என்று சிலர் வினவுவர். வினவுதல் இயல்பே. ஆயினும் இரண்டு செய்திகளை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நீதிமன்றம் ஒருவனுக்கு விதிப்பது சிறைவாசம். அடியும் உதையும் பட்டினியும் அத்தீர்ப்பில் எழுதப்படுவதில்லை. மேலும், நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் கூறவில்லை.

பாலாற்றை ஒட்டி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தொடரும் ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் உலகறிந்தவை. இவற்றுள் வேலூருக்கு வேறொரு பெயரும் உண்டு. அந்நகரை அடுத்த தொரப்பாடியில் உள்ள மத்தியச் சிறைச்சாலை தமிழ்நாட்டின் பழைய சிறைகளுள் ஒன்று. வெளியே ஊரார் செய்யும் தொழிலே உள்ளேயும் நடைபெறுகிறது: காவலர்கள் அணியும் காலணிகளை அங்குள்ள கைதிகள் தைக்கின்றனர். தென்மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கழகமும் 1979 முதல் இவ்வேலூரிலேயே இயங்கி வருகிறது. விடுதலைப் போராட்டக் காலத்தில் இராஜாஜி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை மூன்று திங்கள் இச்சிறையில் இருந்தார். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. அவர் கற்றவர், வழக்கறிஞர், நாடு அறிந்த தலைவர். அவர் கண்டதை நாடு படித்தது. அதே மதிலுக்குள் அதே நாளில் இருந்த, எழுத்தறியாத ஏழைக் கைதி என்ன கண்டான் என்பதை யார் அறிவார்?

2024-ஆம் ஆண்டில் இச்சிறையில் இருந்த ஓர் ஆயுள் கைதியின் தாய் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். தம் மகனைச் சிறைத்துறைத் துணைத் தலைவர் ஒருவரின் இல்லத்தில் வீட்டு வேலை செய்ய வைத்தனர் என்றும், அங்கே பணமும் பொருளும் களவு போயின என்று அவன்மீது பழி சுமத்தி அடித்தனர் என்றும், 95 நாள் அவனைத் தனிமைச் சிறையில் வைத்தனர் என்றும் அத்தாய் முறையிட்டார். அவர் தொடுத்தது ஆட்கொணர்வு மனு. காவலில் உள்ள ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துமாறு கேட்கும் மனு அது. சட்டத்திற்கு மாறாகப் பூட்டிய கதவைத் திறப்பதற்கென்றே தோன்றியது. இந்நாளில், சட்டப்படி பூட்டிய கதவுக்குப் பின்னே சட்டத்திற்கு மாறாக நடப்பதைக் கேட்பதற்கும் அது பயன்படுகிறது.

தனிமைச் சிறை என்பது எளிய தண்டனை அன்று. நீதிமன்றமே தன் தீர்ப்பில் அதனை விதித்தாலும், மொத்தம் மூன்று திங்களுக்கு மேற்படலாகாது என்றும், ஒரே தொடர்ச்சியாகப் பதினான்கு நாளுக்கு மேல் நீளலாகாது என்றும் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. அங்ஙனமாயின் 95 நாள் என்ற முறையீட்டின் கனம் விளங்கும்.

உயர்நீதிமன்றம் என்ன செய்தது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். சிறைத்துறையிடம் விளக்கம் கேட்டு அதனோடு அமைந்துவிடவில்லை. வேலூர் மாவட்டத் தலைமைக் குற்றவியல் நடுவரை விசாரிக்கப் பணித்தது. அவர் சிறைக்குள் சென்றார், விசாரித்தார், அறிக்கை அளித்தார். முறையீட்டுக்கு ஆதாரம் உண்டு என்று அவ்வறிக்கை காட்டிற்று. அக்கைதி சேலம் மத்தியச் சிறைக்கு மாற்றப்பட்டான். சி.பி.சி.ஐ.டி. பிரிவு வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சிறை அலுவலர்கள் உள்ளிட்ட 14 பேர்மீது வழக்குப் பதிவாயிற்று; அடுத்து, உயர் அலுவலர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். வழக்குப் பதிவது வேறு, குற்றம் மெய்ப்பிக்கப்படுவது வேறு. அவ்வலுவலர்களுக்கும் தம் பக்கத்து நியாயத்தை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் உரிமை உண்டு. அந்த உரிமைதான் கைதிக்கும் வேண்டும் என்று இங்கே பேசுகிறோம்.

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியினருக்கு இக்கருத்து புதியதன்று. ஆலைக் கழிவினால் பாலாறும் கிணறும் நிலமும் கெட்டன என்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. கழிவு எவ்வளவு என்று ஆலை முதலாளிகளே அளந்து சொல்லட்டும் என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை. வல்லுநர்களின் அறிக்கையைக் கேட்டுப் பெற்றது. கெட்டதை மதிப்பிட ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் ஆணையம் அமைக்கச் செய்தது. ஆற்று நீரைச் சோதிக்க வெளியார் வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளும் நாம், மனிதன் உடம்பில் பட்ட காயத்தைச் சோதிக்கவும் வெளியார் வேண்டும் என்பதை ஏற்கத் தயங்குவது வியப்பே.

இவ்வெண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதும் அன்று. வேலூர் வடஆர்க்காட்டு மாவட்டத்தில் அடங்கி, அம்மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த காலத்தை நினைவுகூர்வோம். நிலவரி செலுத்த இயலாத உழவர்களை அந்நாளில் கொடுமைப்படுத்தி வரி தண்டினர். விரல்களை மரக் குறட்டில் இறுக்கும் 'கிட்டி' என்பது ஒரு கொடுமை. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணித்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' மற்றொன்று. இவற்றைச் செய்தோர் தாசில்தாரின் ஏவலர். முறையிட வேண்டிய இடமோ அதே தாசில்தாரின் கச்சேரி. வரி தண்டுபவரும் காவல் புரிபவரும் ஒருவரேயாக இருந்தமையால், அடிபட்டவனுக்குச் செல்ல வேறிடம் இல்லை.

காஜுலு இலட்சுமிநரசு செட்டியார் என்னும் சென்னைப் பெருமகனார் 1852-இல் சென்னைச் சுதேசிச் சங்கத்தைத் தோற்றுவித்து, இக்கொடுமைகளை இங்கிலாந்து வரை எட்டச் செய்தார். ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் இங்கு வந்தபோது அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று மக்களின் நிலையைக் காட்டினார். 1854-இல் நாடாளுமன்றத்தில் இச்செய்தி எழுந்தது. அவ்வாண்டே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் அதன்முன் குவிந்தன. கடிதம் எழுத வல்லோர் எழுதினர். இயலாதோர் நெடுந்தொலைவு நடந்து வந்து நேரில் உரைத்தனர். கேட்பதற்கு ஒரு புதிய செவி கிடைத்தது என்ற செய்தியே அவர்களை நடக்க வைத்தது.

1855-இல் வெளிவந்த அறிக்கை, கொடுமை உண்மையே என்று ஒப்புக்கொண்டது. 1859-இல் வந்த சென்னைக் காவற் சட்டம் காவல் துறையை வருவாய்த் துறையினின்றும் பிரித்தது. ஆயினும் அக்குழுவை முற்றும் சுதந்திரமான குழு என்று போற்ற என் மனம் இசையவில்லை. மூவரும் ஆங்கிலேயர், இந்நாட்டவர் ஒருவரும் அதில் இல்லை. கடைநிலை ஏவலர்மீது பழியைச் சுமத்திய அவ்வறிக்கை, அவர்களுக்கு மேலிருந்த வெள்ளை அதிகாரிகளைப் பெரிதும் விடுவித்தது. வரிச்சுமையை ஏற்றிய அரசையே நோக்கி அது விரல் நீட்டவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த மாறுதல்களுள் பெரியது ஒரு கடிதத்தால் வந்தது. தில்லித் திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்பவர், உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தமக்கு நேர்ந்த துன்பத்தை அவர் எழுதவில்லை. மற்றொரு கைதியைப் பார்க்க வந்த உறவினரிடமிருந்து பணம் பறிக்கும் பொருட்டு, ஒரு சிறைக்காவலர் அக்கைதியைக் கொடுமையாகக் காயப்படுத்தினார் என்பதையே எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. கட்டணம் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வழக்கறிஞரும் இல்லை! தனக்குத் துணையாக இரு வழக்கறிஞர்களை அமர்த்தி அவர்களைச் சிறைக்குள் அனுப்பியது. அவர்கள் அடிபட்டவனைக் கண்டனர், சாட்சிகளைத் தனித்தனியே கேட்டனர், ஏடுகளைப் புரட்டினர். கீழே விழுந்ததால் வந்த காயம் என்றும், தானே செய்துகொண்டது என்றும், நோயினால் வந்தது என்றும் சிறைத் தரப்பில் மூன்று விளக்கங்கள் எழுந்தன. ஒரு காயத்திற்கு மூன்று காரணம் கூறப்படும்போது கேட்பவர் விழித்துக்கொள்வார் அல்லரோ?

1979 டிசம்பர் 20 அன்று இவ்வழக்கில் தீர்ப்பு எழுதியவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1948-இல் தாமே ஒரு திங்கள் காவலில் இருந்தவர். 1957-இல் கேரள அமைச்சராகிச் சிறைத்துறையையும் ஆண்டவர். கம்பிக்கு இருபுறமும் நின்றவர் எழுதிய தீர்ப்பு அது. சிறைகளில் முறையீட்டுப் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும். எல்லாக் கைதிகளும் அவற்றை அணுக இயல வேண்டும். மாவட்ட நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் தம் பொறுப்பில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். அவர்களோ அவர்களால் அனுப்பப்பட்டோரோ சிறைக்குச் சென்று கைதிகளைத் தனியே பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஆராய்ச்சி மணி சிறைக்குள் வந்து சேர்ந்தது இவ்வாறுதான். அலுவலகங்கள் பலவற்றில் புகார்ப் பெட்டியின் பூட்டு துருப்பிடித்துக் கிடப்பதை நாம் கண்டதுண்டு. ஆதலின் பெட்டி இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், திறவுகோல் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தனர் என்றும் கேட்க வேண்டும்.

விசாரணை சுதந்திரமானதாக அமையப் பெரும் சட்டங்களைவிடச் சிறு செயல்களே மிகுதியும் துணைபுரிகின்றன. முதலாவது விரைவு. தடியடியின் கன்றல் சில நாளில் மாறிவிடும். மூன்று திங்கள் கழித்து வரும் மருத்துவர் எதனைக் காண்பார்? அடுத்தது, முறையிட்டவனை அவன் யார்மீது முறையிட்டானோ அவர் கையிலேயே விட்டுவைக்காமை. வேலூர்க் கைதியைச் சேலத்துக்கு மாற்றியதன் பொருளை இப்போது உணரலாம். காவல் நிலையங்களில் இதற்கு மற்றொரு துணையும் உண்டு. நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமராக்கள் வைத்து, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டேனும் காத்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் சாத்தான்குளத்தில் நிகழ்ந்தது நாடறிந்த துயரம். காவல் துறையினர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோவில்பட்டிக் குற்றவியல் நடுவரை அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. அங்கிருந்தோர் ஒத்துழைக்கவில்லை என்று அவர் நீதிமன்றத்துக்கு எழுதினார். உடனே, காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அலுவலரின் பொறுப்பில் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. சான்று அழியாதிருக்கக் காவல் நிலையத்திற்கே காவல் வேண்டியிருந்தது! அன்று உண்மையை உரைக்க முன்வந்தவர் அந்நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பளிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. காவலில் ஒருவர் இறந்தால் குற்றவியல் நடுவரே விசாரித்தல் வேண்டும் என்று 2006 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், 2024-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் நிலைபெற்றுள்ளது.

விசாரணையில் மக்களுக்கு நம்பிக்கை இல்லையேல் என்ன நேரும் என்பதை ஆம்பூர் கண்டிருக்கிறது. 2015 ஜூனில், காவல் துறையினரால் விசாரிக்கப்பட்ட ஆம்பூர் இளைஞர் ஒருவர் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் இரவு ஊர் கொந்தளித்தது. வாகனங்கள் எரிந்தன, கடைகள் தாக்கப்பட்டன, பெண் காவலர் உட்படக் காவலர் பலர் காயமுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அவ்விளைஞரைக் கண்ணாலும் கண்டிராதவர். இறப்பைப் பற்றிய விசாரணை ஒரு வழக்காயிற்று. கலகம் மற்றொரு வழக்காயிற்று. கலக வழக்கில் நூற்றுக்கு மேற்பட்டோர் பல்லாண்டு நீதிமன்றப் படியேறினர். நீதி கேட்க ஓர் இடம் உண்டு, அங்கே சென்றால் நாளையே ஒருவர் வந்து கேட்பார் என்னும் உறுதி அவ்வூராருக்கு இருந்திருப்பின், அவ்விரவு வேறு விதமாகக் கழிந்திருக்கக் கூடும்.

கைதிகள் பொய் கூறுவதில்லையா? கூறுவர். பகையாலும், சலுகை பெறும் ஆசையாலும் பொய்ப்புகார் எழுதுவோர் உண்டு. சிறைக்காவலர் பணி எளியதன்று. பலர் நேர்மையோடு அதனை ஆற்றுகின்றனர். பொய்ப்புகாரினின்று அவர்களைக் காப்பதும் இத்தகைய விசாரணையே. தன் துறையினரே 'குற்றமற்றவர்' என்று கூறினால் ஊர் நம்புவதில்லை. வெளியார் ஒருவர் ஆராய்ந்து கூறினால் அச்சொல்லுக்கு மதிப்புண்டு.

இந்நெறியில் நம் நாடு சில படிகள் ஏறியுள்ளது. 1993-இல் தேசிய மனித உரிமை ஆணையமும், 1997-இல் தமிழ்நாட்டு மாநில மனித உரிமை ஆணையமும் தோன்றின. காவலில் நிகழும் இறப்பை 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தேசிய ஆணையத்தின் கட்டளை. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. ஏறவேண்டிய படிகளும் உள. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா, அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை. வேலூர் வழக்கை ஆராய்ந்த சி.பி.சி.ஐ.டி.யும் மாநிலக் காவல் துறையின் ஒரு கிளையே; சிறைத்துறைக்கு அது புறம்பானது, அரசுக்குப் புறம்பானது அன்று. கனடா நாட்டில் 1971-இல் கிங்ஸ்டன் சிறையில் பெருங்கலகம் விளைந்தது. அதன்பின் 1973-இல், கைதிகளின் முறையீட்டை ஆராய்வதற்கென்றே தனி அலுவலர் ஒருவரை அந்நாடு அமர்த்தியது. இங்கிலாந்தும் 1990-இல் மான்செஸ்டர் சிறைக் கலகம் கண்ட பின்னரே அத்தகைய பதவியை ஏற்படுத்தியது. இரு நாடுகளும் கூரை எரிந்த பின்னரே மணி கட்டின.

திகாரில் கடிதம் எழுதியவர் அடிபட்டவர் அல்லர். உடனிருந்த மற்றொரு கைதி. வேலூரில் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் ஒரு தாய். எழுதத் தெரிந்த தோழனும், வெளியே அலைய ஒரு தாயும் எல்லாக் கைதிகளுக்கும் வாய்ப்பதில்லை. அத்தகையோருக்காகவே சட்டப்பணிகள் ஆணைக்குழு சிறைகளில் சட்ட உதவி மையங்களை நடத்துகிறது. வழக்கறிஞர்கள் அங்கே வருகின்றனர். பயிற்சி பெற்ற கைதிகளும் தன்னார்வலராக அமர்ந்து, எழுத்தறியாத உடன்கைதி சொல்லச் சொல்ல அவன் முறையீட்டை எழுதிக் கொடுக்கின்றனர்.